மருந்துச்சீட்டு இல்லாத சந்தோஷம்

அத்தியாயம் 14

பூக்கடைச் சத்திரம் முனையில் கட்டியிருந்த அந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பார்க்காதவர்கள் பிள்ளையார்பாளையத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார். இன்னொருவர் குமரன். அவர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்.

மகளிர் விளையாட்டு விழா, ஞாயிறு மாலை, பள்ளி மைதானம் என்று பேனர் சொன்னது. கீழே ஆறு பெண்கள் பறையும் கையுமாக நின்றிருந்தார்கள். வலது ஓரத்தில், பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவள் இளவரசி. குமரனின் மனைவி. வயது நாற்பத்தெட்டு.

கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. குமரனை உறுத்தியது அதுதான். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் வேறு.

எல்லாம் ஒரு தோள்பட்டையில் ஆரம்பித்த வினை. பட்டுச்சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் குமரன் உட்கார்ந்து உடம்பை நெய்வார். அவருக்கு வலப்பக்கம் ஒண்டிக்கொண்டு, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை வீசிக்கொடுப்பது இளவரசி. கோர்வை போடுவது என்பார்கள். கல்யாணமாகி வந்த மாதம் உட்கார்ந்தவள். சேலை பேசப்பட்ட இடத்திலெல்லாம் குமரன் பேர் பேசப்பட்டது. கரையைப் பாராட்டியவர்கள்கூடக் குமரனைத்தான் பாராட்டினார்கள்.

போன வருஷம் அந்த வலது தோள் பூட்டிக்கொண்டது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கும் நதியா ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னாள், சுவரில் விரலால் ஏறச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் தன் பறையை எடுத்து நீட்டினாள். "இத அடிச்சுப் பாருக்கா. வலி மறந்து போவும்."

கை எழுந்தது. கூடவே தூக்கம் வந்தது. பசி வந்தது. மாதவிலக்கு நின்றதிலிருந்து காரணமே இல்லாமல் அடுப்படியில் வந்துகொண்டிருந்த அழுகை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது.

மருந்து என்று சொன்ன வரைக்கும் தெரு பொறுத்துக்கொண்டது. ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டும். பேனரில் இளவரசி சிரித்துவிட்டாள்.

பேனர் வந்த அன்றே முனிரத்தினம் வீடு தேடி வந்தார். குமரனுக்குப் பெரியப்பா மகன். தெருவில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிறவர். "உன் வீட்டு விஷயத்த நீ பாத்துக்கோ குமரா. எங்க விஷயத்த நாங்க பாத்துக்குறோம்" என்றார், காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

கடைவீதியில் வளர்ந்தவனாக இருந்தால் அந்தக் காபி டம்ளரைப் பார்த்ததுமே முதுகு சில்லிட்டிருக்கும். குமரன் தறியில் வளர்ந்தவர். டம்ளரை எடுத்துத் தானே குடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

அன்றைக்குக் குமரனுக்குப் பாவு விரிக்கிற நாள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு இழைகளையெல்லாம் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். தவறினால் அத்தனையும் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையில்லை.

ஆனால் அந்தத் தெருவில் யாரும் யாரையும் பாவுக்குக் கூப்பிடுவது கிடையாது. கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள். "கூப்பிட்டாத்தான் வருவேன்னு நெனச்சியா?" என்பார்கள். கஞ்சியைத் தெளித்துவிட வேண்டியது. வாசம் பிடித்ததும் கதவு திறக்கும். துண்டை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

குமரன் கஞ்சியைத் தெளித்தார்.

மாம்பழ நிறப் பட்டு தெரு நெடுகப் பளபளத்தது. வாசம் போனது. எந்தக் கதவும் திறக்கவில்லை. திறந்திருந்த ஒன்றிரண்டும் சாத்திக்கொண்டன.

முனிரத்தினம் மட்டும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் முந்தின நாளுடையது.

"அண்ணே..." என்றார் குமரன். குரல் இறங்கியிருந்தது. "கஞ்சி தெளிச்சிட்டேன்ணே."

"பாத்தேன்பா."

"யாரும் வரலியே."

"அவங்கவங்களுக்கு வேல இருக்கும் இல்ல? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் பொண்டாட்டிய இங்க வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. சாயங்காலம் மைதானத்துக்குப் போவலன்னு. அவ்ளோதான். தெருவே எறங்கி வரும்."

இளவரசி அதற்குள் வாசலுக்கு வந்திருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையில் பிரிக்கிற குச்சியோடு நின்றாள். பின்னால் மகள் துர்காதேவி, போனும் கலைந்த தலையுமாக. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்கு எழுந்திருப்பதே அவளைப் பொறுத்தவரை பெரிய தியாகம்.

"இன்னா மாமா, எங்கிட்டயே கேக்கலாமே" என்றாள் இளவரசி. "நான் இங்கதான நிக்கிறேன்."

முனிரத்தினம் பேப்பரை மடித்தார். ஜவுளிக் கடைகளில் அரை நாள் உட்கார்ந்து பேசி ஜெயித்து வருகிற மனிதர். எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லமா. ஆசையா இருந்தா வீட்டுக்குள்ள அடிச்சுக்கோ. கதவ சாத்திக்கோ."

"வீட்டுக்குள்ள தறி இருக்குது மாமா. கை வீச எடம் இல்ல."

"மொட்ட மாடில அடி."

"மைதானத்துல அடிக்கிறேன்."

"சரி, மேளம்தான் வேணும்னா ஊர்ல வேற மேளமே இல்லியா? மிருதங்கம் கத்துக்கோ. நானே வாத்தியார் பாத்து வெக்கிறேன்."

"உக்காந்துக்கினு அடிக்கிறதா? இத்தினி வருஷம் உக்காந்தாச்சு மாமா. இது நின்னு ஆடிக்கினே அடிக்கிறது."

அவர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். எதிரே இருந்ததோ ஒரே விலைக் கடை. போர்டு மட்டும்தான் மாட்டவில்லை.

முனிரத்தினம் எழுந்து நின்றார். "அது யாரு அடிக்கிற மேளம்னு தெரியுமில்ல?"

"தெரியும். நதியா அடிக்கிற மேளம். இப்ப நானும் அடிக்கிறேன்."

"சாவுக்கு அடிக்கிறதுமா அது!"

"என் தோளு செத்துதான் மாமா கெடந்துது. அடிச்சேன். எழுந்துக்கிச்சு."

சாத்தியிருந்த ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

குமரன் மனைவியின் பக்கத்தில் வந்தார். தாழ்ந்த குரலில், "வெயில் ஏறுது இளவரசி. போவலன்னு சொல்லிடு. பொய்யாவது சொல்லு. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

இளவரசி பாவைப் பார்த்தாள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். ஓரத்தில் இழைகள் இப்போதே ஒன்றோடொன்று சாயத் தொடங்கியிருந்தன. ஒரு வார்த்தைதானே? வாயைத் திறந்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பழகின பொய்தான். எனக்குப் பசிக்கல. எனக்கு வேணாம், நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கேன்.

வாயை மூடிக்கொண்டாள்.

"நெறய சொல்லிட்டேங்க" என்றாள். "ஸ்டாக்கு தீந்து போச்சு."

பிறகு தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "நான் போவேன் மாமா. சாயங்காலம் மைதானத்துல அடிப்பேன். பாவு போனா போவட்டும்" என்றாள். சொல்லி முடித்ததும் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குமரன் பாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

துர்கா இதுவரை அப்பா கட்சி. முந்தின நாள்கூட, "ஏம்மா, ஹாப்பியா இருக்கணும்னா யோகா பண்ணேன், எங்க ஆபீஸ் வெல்னஸ் வீக்ல அதான் இருந்துது" என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றவள். இப்போது அவள் பெரியப்பாவைப் பார்த்தாள், குச்சியை இறுக்கிய அம்மாவின் கையைப் பார்த்தாள், போனை எடுத்தாள்.

"நதியாக்கா? துர்கா பேசறேன். எங்க இருக்கீங்க?"

ஸ்பீக்கரில் நதியாவின் குரல் தெருவில் இறங்கியது. "சர்ச்சுக்குக் கெளம்பிக்கினு இருக்கோம்மா. ஏன், அக்காவுக்கு மறுபடி தோளு புடிச்சுக்கிச்சா?"

"தோள் இல்லக்கா. தெரு புடிச்சுக்கிச்சு."

ஷேர் ஆட்டோ ஒன்று பேனரில் இருந்த மிச்ச ஐந்து பேரையும் திணித்துக்கொண்டு வந்து நின்றது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சுக்குக் கட்டின சேலையிலும், மற்றவர்கள் நைட்டிக்கு மேல் துப்பட்டாவிலும் இறங்கினார்கள். நதியா தோளில் பறை.

"பூசைக்கு நேரம் ஆவலியா?" என்றாள் இளவரசி.

"ரெண்டாவது பூசை இருக்குதுக்கா. ஆண்டவரு வெயிட் பண்ணுவாரு. இந்தக் கஞ்சி பண்ணாதாமே. இன்னா பண்ணணும், அதச் சொல்லு."

சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. வழக்கமாகக் குரல் கொடுப்பவர் குமரன். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தறியில் ஓரத்தில் உட்கார்ந்தே பழகிய இளவரசி, பாவின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"ரெண்டு பக்கமும் நில்லுங்க. குச்சிய நூலுக்குள்ள விட்டாச்சில்ல? எல்லாரும் ஒண்ணாத் தள்ளணும். ஒருத்தி முந்தினாலும் அறுந்துடும்."

"ஒண்ணாத் தள்ளுறது எப்பிடிக்கா? கண்ணு தெரியற தூரத்துலயா நிக்கிறோம்?"

இளவரசி ஒரு கணம் யோசித்தாள். சிரித்துவிட்டாள். பேனரில் இருந்த அதே சிரிப்பு.

"நதியா, நீ அடி. மொத அடிக்குத் தள்ளு. ரெண்டாவது அடிக்கு உதறு."

முனிரத்தினம் மைதானத்தில் வேண்டாம் என்ற பறை, அவர் வாசலுக்கு நேர் எதிரே ஒலித்தது.

ஓர் அடி. குச்சிகள் நகர்ந்தன. இன்னோர் அடி. மாம்பழ நிறம் தெருநீளத்துக்கு ஒரு அலை அடித்தது.

"அய்ய, மெதுவா! பட்டுமா அது, பாய் இல்ல!" என்று கத்திக்கொண்டு குமரன் எழுந்து ஓடினார். அவருக்குள் இருந்த புருஷன் எழுந்திருக்கவில்லை. நெசவாளி எழுந்துவிட்டார். நைட்டிக்காரியின் கையிலிருந்த குச்சியை நேராகப் பிடித்துக் காட்டினார்.

பாதித் தெருவுக்கு வந்தபோது கடைசிப் பக்கம் ஆள் போதவில்லை. அங்கே இழைகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. அப்போது முனிரத்தினத்தின் வீட்டுக் கதவு திறந்தது. வந்தது அவர் மனைவி தில்லையம்மாள். கணவரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்து, கடைசிப் பக்கத்தில் போய்க் குச்சியை எடுத்தாள்.

"தில்லை!" என்றார் முனிரத்தினம்.

"பறச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள் தில்லையம்மாள், மிகத் தெளிவாகக் கேட்டுவிட்டு. ஒட்டின இழையைப் பார்க்க ஓடி வந்த இளவரசியிடம் மட்டும் முணுமுணுத்தாள்: "யாரு மேல கோவமோ இருந்துட்டுப் போவட்டும்டி. கண்ணு முன்னாடி பாவு காயறத என்னால பாக்க முடியாது."

முனிரத்தினம் பேப்பரை விரித்தார். தலைகீழாக.

பிரமாதமான பாவு என்று சொல்ல முடியாது. அங்கங்கே அறுந்திருந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் ஒட்டியும் போனது. ஆனால் பிழைத்துவிட்டது. குமரன் அதை நீளவாக்கில் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் தட்டு. வீட்டு டம்ளர்கள். தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் காபி.

நதியா ஒரு வாய் குடித்தாள். "சக்கர கம்மி மாமா" என்றாள்.

அக்காவின் புருஷன் மாமாதானே? நதியாவுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குமரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர் வீட்டில் பேப்பர் அசங்கியது. குமரன் அந்தப் பேப்பரைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "துர்கா, சக்கர டப்பாவ எடுத்துக்கினு வா" என்றார்.

அதோடு எல்லாம் சுபம் என்று இளவரசி நினைத்திருந்தால், அவளுக்குத் தன் புருஷனைத் தெரியவில்லை என்று அர்த்தம். அவளுக்குத் தெரியும்.

மத்தியானம், அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டே குமரன் ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணுங்க வந்து ஒத்தாச பண்ணாங்க. நல்ல மனசு. நான் இல்லேன்னு சொல்லல."

"ம்."

"அவங்களுக்கு ஒரு நாள் சாப்பாடு போடலாம். துணி எடுத்துக் குடுக்கலாம்."

"ம்."

"சாயங்காலம் மட்டும் நீ போவாத."

இளவரசி சேலை மடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, கறுப்புக் கரை. குழுவுக்கென்று எல்லோரும் எடுத்தது. மடிப்பதை நிறுத்தவில்லை.

"தோளு வலிக்குதுன்னு சொன்ன. சரின்னேன். மருந்துன்ன. சரின்னேன். இப்ப தோளு சரியாயிடுச்சில்ல? அப்பறம் எதுக்கு?"

"தோளு சரியாயிடுச்சுங்க."

"அதான் கேக்கறேன். எதுக்கு?"

"சந்தோஷமா இருக்குது."

குமரன் முடிச்சிலிருந்து தலையைத் தூக்கினார். அப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அவர் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தோளு வலிச்சா அடிக்கலாம், டாக்டர் சொன்னா அடிக்கலாம், சாமிக்கு வேண்டிக்கினா அடிக்கலாம். சும்மா சந்தோஷத்துக்கு அடிக்கக் கூடாதா? அதுக்கும் மருந்துச்சீட்டு வேணுமா?" குரல் உயரவில்லை. "நாளைக்கே இன்னொரு தோளு புடிச்சுக்கிச்சுன்னு நான் பொய் சொல்லலாம். நீங்களும் ஒத்துப்பீங்க. எனக்கு அப்பிடி வேணாம். எனக்குப் புடிச்சிருக்குது. அதனால போறேன்."

குமரனுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த இழை அறுந்தது.

"நான் மட்டும் சந்தோஷமாவா இருக்கேன்?" என்று வெடித்தார். "காலத் தூக்கித் தறிக்குழிக்குள்ள போட்டவன், அம்பத்தி நாலு வயசுக்கு இன்னும் வெளிய எடுக்கல. முட்டி மடங்குதா, நிமிருதான்னு எவனாவது கேட்டானா? நான் எங்கயாவது போய் ஆடினனா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. துர்கா அடுத்த அறையில் போனைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

இளவரசி மடித்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, தறிக்கு வலப்பக்கம், அவளுடைய பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி வருஷமா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கேன். இன்னிக்குத்தான் சொல்றீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா வேணும் உங்களுக்கு?"

"இன்னாது?"

"சேல விஷயம் இல்ல. துர்கா கல்யாணம் இல்ல. உங்களுக்கு. சும்மா சந்தோஷத்துக்கு. இன்னா வேணும்?"

குமரன் வாயைத் திறந்தார். நெய்ய வேண்டிய சேலைகளைப் பற்றிக் கேட்டிருந்தால் மடமடவென்று சொல்லியிருப்பார்.

"தெரியல" என்றார் கடைசியில். தொலைந்து போனதைத் தேடுகிற மாதிரி தறிக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிங்க" என்றாள் இளவரசி. எழுந்தாள். "நான் கெளம்பறேன். சாதம் வடிச்சு வெச்சிருக்கேன். கொழம்ப நீங்களே சூடு பண்ணிக்குங்க."

சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில், நடுத்தெருவில் நடந்து போனாள். முனிரத்தினத்தின் வாசலைக் கடக்கும்போது நடையை வேகப்படுத்தவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே தில்லையம்மாளின் குரலும் அவர் குரலும் மாறி மாறிக் கேட்டன. அவள் குரல்தான் அதிகம் கேட்டது.

மைதானத்தின் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி, பறைகளை அனல் காட்டிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறி இறுகினால்தான் சத்தம் எழும்பும். இளவரசி தன்னுடையதை விரலால் தட்டிப் பார்த்தாள். டண் என்றது.

"அக்கா, பயமா இருக்குதா?" என்றாள் நதியா.

"காலையில இருந்த பயத்துலயே எல்லாம் செலவாயிடுச்சு."

மைக்கில் அவர்கள் பெயர் அழைக்கப்பட்டது. ஆறு பேரும் நடுவே போய் நின்றார்கள். பேனரில் இருந்த வரிசையில் நிற்கப் போன இளவரசியை, "ஓரம் போதும்க்கா, இன்னிக்கு நடுவுல நில்லு" என்று நதியா இழுத்து நிறுத்தினாள்.

துர்கா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாள். சட்டகத்தின் மூலையில், கேட்டுக்கு வெளியே, ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி நின்றிருந்தது. அதன் மேல் அப்பா. இறங்கவில்லை. ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

துர்கா ஓடினாள். "உள்ள வாங்கப்பா! அம்மா நடுவுல நிக்குது பாருங்க."

"இருக்கட்டும். இங்கேர்ந்தே தெரியுது."

"கோவமா இருக்கீங்களா?"

கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கை தலைக்கு மேல் உயர்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் தலை வாரக்கூட எழும்பாத கை.

"துர்கா" என்றார். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "ஸ்டேடியத்துல நீச்சல் கத்துத் தர்றாங்களாமே. எந்த வயசு வரைக்கும் சேத்துக்குவாங்க?"

தறிக்குழியை விட்டுக் கால் எடுக்காத மனிதர், முழங்கால் தண்ணீருக்கு மேல் எதிலும் இறங்காதவர், காதுமடல் சிவக்கப் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

முதல் அடி விழுந்தது.